நடுவில் எழுந்து போகும் உரிமை

லெவாசாவின் மூளை குழம்பத் தொடங்கிய பிறகுதான் அவருடைய பேச்சுக்கு மவுசு வந்தது. வைசீனா ஊரில் இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், சொல்கிற செபேலாவுக்குத்தான் குழப்பம் என்று முடித்துவிடுவார்கள்.

செபேலா அவருடைய மனைவி. லெவாசா என்பது அவர் குடும்பத்தின் பட்டப்பெயர். அந்தப் பட்டம் உள்ளவர் ஊருக்காகப் பேச வேண்டும். கல்யாணம், சாவு, விருந்தாளி வருகை எதுவானாலும் ஒரு கையில் கோல், தோளில் தென்னை நாரில் பின்னிய சாமரம், வெறும் கால் என்று புல்வெளியில் நின்று பேசுவார். அவரைப் போல ஊரில் இன்னும் நாலைந்து பேச்சாளர்கள் உண்டு. யார் பேசுவது என்று முதலில் அவர்களுக்குள்ளேயே ஒரு வாதம் நடக்கும். "நீங்க பேசுங்க", "நீங்க இருக்கும்போது நானா", "உங்க தாத்தா பேசின இடம் இது" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதுபோல இழுத்துப் பிடித்து, கடைசியில் ஒருவர் வெல்வார். வைசீனா இருக்கும் சவாயி தீவில் பாதிப் பகல் இப்படித்தான் போகும். யாரும் அவசரப்படுவதில்லை.

அந்த வாதத்தில் லெவாசா பல வருடங்கள் தோற்றுக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர், தேவாலயத்தில் பொறுப்பில் இருப்பவர், சாராயத்தைத் தொட்டதில்லை. ஆனால் பேச்சு சப்பென்று இருக்கும். "வந்தீங்க, சந்தோஷம், சாப்பிடுங்க" என்கிற வகை. பெரிய நிகழ்ச்சி என்றால் மாயெவா பட்டக்காரர்தான் பேசுவார்.

எல்லாம் மாறியது பக்கத்து ஊர்ச் சாவு ஒன்றில். செத்தது தம்பி. அண்ணன் உயிரோடு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். மாயெவாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் லெவாசா எழுந்தார். எழுந்தவர் உயிரோடு இருந்த அண்ணனைப் பார்த்து, அவர் செத்துப்போனதாக நினைத்துக்கொண்டு, அவருடைய குணத்தையும் மீன்பிடித் திறமையையும் சொல்லிச் சொல்லி அழுதார். "மேற்கே போன படகு கிழக்கே கரையேறிடுச்சு. படகுல இருந்தவனைக் காணோம். துடுப்பு மட்டும் எங்ககூட உக்காந்து கோக்கோ குடிக்குது" என்று முடித்தார்.

சமையல் கொட்டகைப் பக்கம் பெண்களோடு இருந்த செபேலா கண்ணை மூடிக்கொண்டாள். அன்று காலையில்தான் அவர் சட்டைக் கைக்குள் காலை விட்டுக்கொண்டு, "இந்தக் கைலிய யாரு இவ்வளவு இறுக்கமாத் தெச்சது?" என்று அவளிடம் சண்டை போட்டிருந்தார்.

ஆனால் அந்த அண்ணன் தேம்பி அழுதபடி எழுந்து வந்து லெவாசாவைக் கட்டிக்கொண்டார். "தம்பி போனதுமே நானும் செத்துட்டேன். அத ஒருத்தரும் பாக்கல. இந்த மனுஷன் பாத்துட்டாரு" என்றார். அங்கே பாய் மெல்லியதாக இருந்தால்தான் மதிப்பு; வீட்டில் இருந்ததிலேயே மெல்லிய பாயை எடுத்து லெவாசாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோருக்கும் அதே பேச்சுதான்.

"துடுப்பு கோக்கோ குடிக்குதுன்னா என்ன அர்த்தம்?"

"அது உனக்கெல்லாம் புரியாதுடா. பழைய பேச்சு."

லெவாசா ஜன்னலோரம் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு. செபேலா அவருடைய விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன. பரிசுப் பாய் அவள் மடியில் கனத்தது.

மாவட்ட மருத்துவமனையில் இருந்த டாக்டர் லோசா சின்னப் பெண். ஃபிஜியில் படித்துவிட்டு வந்தவள்.

"பஸ்ஸ நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க மாமா."

லெவாசா நீட்டினார். நிமிர்ந்த உள்ளங்கைகள் தாமாகவே கீழே விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தன. பஸ்ஸை நிறுத்துவதா போகச் சொல்வதா என்று கைக்கே தெரியாத மாதிரி இருந்தது. ஒரு நட்சத்திரம் வரையச் சொன்னாள். அவர் வரைந்தது நண்டு மாதிரி வந்தது. பிறகு ரத்தம் எடுத்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"கல்லீரல் கொப்பரை மாதிரி காஞ்சு இறுகிப் போச்சு. பொறக்கும்போதே ஒட்டிக்கிட்ட கிருமி. இத்தன வருஷம் சத்தமில்லாம வேல பாத்திருக்கு."

"நான் குடிக்கறதே இல்லையே!"

"குடிச்சாதான் வரணும்னு இல்ல மாமா. இப்ப பிரச்சன என்னன்னா, குடல்ல இருக்கற சில கிருமிங்க சாப்பாட்ட உடைக்கும்போது அம்மோனியான்னு ஒரு நஞ்சு வரும். நல்ல கல்லீரலா இருந்தா அதக் கழுவி விட்டுடும். உங்களது கழுவறதில்ல. அது நேரா தலைக்கு ஏறுது. அதான் தூக்கம், நடுக்கம், குழப்பம் எல்லாம்."

"எனக்குக் குழப்பம்னு யாரு சொன்னது? போன வாரம்தான் பாய் பரிசு வாங்கினேன்."

செபேலா டாக்டரைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள்.

மருந்து கொடுத்தார்கள். முதலாவது ஒரு பாட்டில் பாகு. குழந்தைகள் கேட்டு வாங்கும் அளவுக்கு இனிப்பு. அது வயிற்றைக் கழுவும். நஞ்சு தலைக்கு ஏறாமல் கீழே போய்விடும். தினமும் இரண்டு மூன்று தடவை போனால்தான் சரி. இரண்டாவது வைட்டமின், துத்தநாக மாத்திரைகள். கெட்டுப்போன கல்லீரல் சத்தைச் சேர்த்து வைக்காதாம். மூன்றாவது மருந்து மருத்துவமனையில் இல்லை.

"நல்ல கிருமிங்கன்னு மாத்திர வருது. உசுரோட இருக்கும். குடல்ல போய் உக்காந்துக்கிட்டு, கெட்டதுக்கு எடம் குடுக்காதுன்னு சொல்றாங்க. வெளிநாட்டுல யாராவது இருந்தா அனுப்பச் சொல்லுங்க. கொஞ்சம் உதவலாம். ஆனா அத்தை, நல்லா கேட்டுக்கோங்க, பாகுதான் முக்கியம். அத விட்டா ஒரு நாள் தூங்கினவரு எந்திரிக்க மாட்டாரு."

செபேலாவுக்கு மற்றதெல்லாம் பாதிதான் காதில் ஏறியது. கடைசி வாக்கியம் மட்டும் முழுசாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வெளியே வந்ததும் லெவாசா சொன்னார்: "தலைக்குன்னு வந்தா வயித்துக்குக் குடுக்கறா. வயித்துக்குப் போயிருந்தா செருப்பு குடுத்திருப்பா."

பாகு வேலை செய்தது. சில நாட்களிலேயே அவர் சட்டையைச் சட்டையாகவும் கைலியைக் கைலியாகவும் உடுத்த ஆரம்பித்தார். ராத்திரி தூங்கினார். குழம்பில் உப்பில்லை என்று கத்தினார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதைச் செபேலா நினைவுபடுத்தியபோது, "அந்தப் பொண்ணு என்ன, என் நாக்குக்கும் டாக்டரா?" என்றார். பழைய மனிதர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். செபேலா அன்று ஒரு மரவை சீமைப்பலாவை அவர் திட்டிக்கொண்டே தின்பதை உட்கார்ந்து பார்த்தாள். அந்தத் திட்டு அவ்வளவு சுகமாக இருந்தது.

சிக்கல் ஊர்க் கூட்டத்தில் வந்தது.

ஊர்க் கூட்டம் என்றால் சுவரில்லாத பெரிய வீட்டில் ஒவ்வொரு பட்டக்காரரும் அவரவர் தூணில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார வேண்டும். காவா என்கிற வேர்ச்சாற்றைக் கலக்கி, பட்டப்பெயரைக் கூவி, கிண்ணம் ஒவ்வொருவராகப் போகும். அது முடியும்வரை காலை நீட்டுவதுகூடக் குற்றம். இருமுகிறவர்கள்கூட வரிசை பார்த்து இருமுவார்கள். அன்றைக்குத் தலைவர், போதகருக்கு மாடி வீடு கட்ட எல்லோரும் பன்றி கொடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்திருந்தார். "லெவாசாவின் கிண்ணம்!" என்று கூவினார்கள். கிண்ணம் பாதி வழியில் வந்துகொண்டிருந்தது. லெவாசாவின் வயிற்றில் பாகு புரண்டது.

அவர் எழுந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்தபடி படியிறங்கி, புல்வெளியைக் கடந்து, வாழைமரங்களுக்குப் பின்னால் மறைந்தார்.

கிண்ணம் ஏந்தி வந்தவன் அப்படியே நின்றான். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"லெவாசா ஐயா பதில் சொல்லிட்டாரு. மாடி வீட்டுப் பேச்ச இதோட விட்டுடலாம்."

மாயெவா பெருமூச்சு விட்டார். "வாயத் தெறக்காம ஒரு பேச்சு! என் அப்பா காலத்துலகூட இப்படி ஒண்ணு நடக்கல."

ஊருக்கே பன்றி மிச்சம். ஆனால் லெவாசா வீட்டுக்கு வந்து மூலையில் சுருண்டுகொண்டார்.

"தூண்ல உக்காந்த மனுஷன் நடுவுல எந்திரிச்சு ஓடறதா? என் அப்பன் தூண் அது. செத்தாலும் இனி அந்தப் பாகக் குடிக்க மாட்டேன்."

"குடிக்கலேன்னாதான் சாவீங்க."

"மானத்தோட சாவேன்."

"சாவீங்க, சரி. அதுக்கு மின்னாடி சட்டையில கால விடுவீங்களே, அது மானமா?"

இருவரும் ஒரு பேரத்துக்கு வந்தார்கள். கூட்டம் இல்லாத நாளில் பாகு. கூட்ட நாளில் கிடையாது. நல்ல பேரம்தான். ஆனால் பெயர் பரவியதால் எல்லா ஊரிலிருந்தும் அவரைக் கூப்பிட்டார்கள். கூட்டமில்லாத நாளே இல்லாமல் போனது. குழம்பக் குழம்பப் பேச்சு ஆழமானது. ஆழம் கூடக் கூடக் கூப்பிடுகிறவர்கள் கூடினார்கள்.

ஆக்லாந்தில் இருக்கும் மகள் ஃபெதூவிடம் செபேலா போனில் அழுதாள்.

"அம்மா, நான் அந்த நல்ல கிருமி மாத்திர அனுப்பறேன். இங்க பல்பொடி மாதிரி விக்குது. வைட்டமினும் நல்லதா வாங்கி அனுப்பறேன்."

"அது ஓட வைக்குமாடி?"

"வைக்காதும்மா. அது பாட்டுக்கு உள்ள போய் உக்காந்துக்கும்."

"அப்ப அதுவே போதுமே!" என்றாள் செபேலா. சொன்ன பிறகுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெவாசாவின் காதில் அது விழுந்துவிட்டது. அவருக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

பார்சல் வந்தது. குளிரில் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஊரில் நம்பி வைக்கக்கூடிய குளிர்ப்பெட்டி கடைக்காரி தாவெலாவிடம்தான் இருந்தது. தாவெலா மாயெவாவின் மனைவி. ஐஸ் பாக்கெட்டுக்கும் கோழித் துண்டுக்கும் நடுவே லெவாசாவின் டப்பா உட்கார்ந்தது. மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, உள்ள உசுரோட இருக்காமே? நான் காத வச்சுக் கேட்டேன், சத்தமே இல்ல."

"கோடிக்கணக்குல இருக்காம் தாவெலா. கண்ணுக்குத் தெரியாதாம்."

"இத முழுங்கித்தான் ஐயா இப்படிப் பேசறாரா?"

செபேலா பதில் சொல்வதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது. பிறகு மாத்திரை கணக்கில் குறையத் தொடங்கியது. மாயெவாவுக்கு அந்த வாரம் பேச்சில் எந்த ஆழமும் வரவில்லை. ஏப்பம் மட்டும் வந்தது. தாவெலா ஒன்றும் தெரியாத முகத்தோடு, "எங்க வீட்டுக்காரருக்குச் சீமைப்பலா ஒத்துக்கல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செபேலா பிடிவாதமாக மூன்றையும் கொடுத்தாள். காலையில் நல்ல கிருமி, சாப்பாட்டோடு வைட்டமின், பாகைக் கோக்கோவில் கலந்து. படுக்கப் போகும்போது டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கஞ்சி. மழை விடாமல் பெய்த ஒரு மாதம் கூட்டங்கள் நின்றிருந்தன. அந்த மாதம் லெவாசாவின் தலை கழுவி வைத்த கிண்ணம் போலத் தெளிந்தது. மழை விட்டதும் பள்ளிக்கூடத் திறப்புக்கு அவரைப் பேசச் சொன்னார்கள். பத்து ஊர் ஜனம் கூடியது.

"பள்ளிக்கூடம் தெறந்தாச்சு. புள்ளைங்கள அனுப்புங்க. வாத்தியாருக்குச் சோறு போடுங்க. கூரையில ஓட்ட இருக்கு, அத அடைங்க" என்றார் லெவாசா. உட்கார்ந்துவிட்டார்.

ஜனம் இன்னும் வரும் என்று காத்திருந்தது. வரவில்லை.

"என்னப்பா இது, எல்லாமே புரிஞ்சுபோச்சு?"

"நானே பேசியிருப்பேன் இத."

"மனுஷனுக்கு உடம்பு சரியில்ல போல."

அந்த வாரமே ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் சாமரத்தோடு செபேலாவின் வீட்டுக்கு வந்தார்கள். லெவாசா கடலுக்குப் போயிருந்தார். வந்தவர்களில் மாயெவாவும் இருந்தார். முறைப்படி உட்கார்ந்து, முறைப்படி அவளுடைய குடும்பப் பெருமையைச் சொல்லி, முறைப்படி விஷயத்துக்கு வந்தார்கள்.

"அம்மா, அடுத்த மாசம் தேவாலயத் திறப்பு. உப்போலு தீவுல இருந்து பெரிய படையே வருது. அவங்க பேச்சாளர் சாதாரண ஆளில்ல. எங்களுக்குப் பழைய லெவாசா வேணும்."

"இப்ப இருக்கறதுதாங்க பழைய லெவாசா."

"இல்லம்மா. பாய் பரிசு வாங்கினாரே, அந்த லெவாசா. நீங்க என்னமோ மருந்து குடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டோம். ஊருக்காகக் கொஞ்ச நாளைக்கு…"

"ஊருக்காக என் புருஷனை நோயாளியா வச்சிருக்கணுமா?"

"நோயின்னு ஏன் சொல்றீங்க? அது ஒரு வரம்" என்றார் மாயெவா. அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அவருக்கு அந்த வரம் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம்கூட முகத்தில் இருந்தது.

செபேலா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். மருந்தை நிறுத்தவில்லை. நிறுத்தவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பாட்டில் ஒழுங்காகக் குறைந்தது. லெவாசா முன்னைப்போலச் சண்டை பிடிக்காமல், "குடு, நானே கலந்துக்கறேன்" என்று கோக்கோவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வந்தார். நல்ல கிருமி மாத்திரையை மட்டும் அவள் கண் முன்னாலேயே, வாயை அகலத் திறந்து காட்டி விழுங்கினார்.

அவர் மறுபடி பகலில் தூங்க ஆரம்பித்தது தெரிந்தது. வெயில் அப்படி என்று நினைத்தாள். கோபம் குறைந்து, அவளைச் சின்ன வயதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்தது. ஒருநாள் அவள் கையைப் பிடித்து, "உங்க வீட்டுல கேட்டா உன்ன எனக்குக் கட்டிக் குடுப்பாங்களா?" என்றார். செபேலாவுக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்தே கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

திறப்பு நாள் காலையில் உண்மை பன்றியின் வழியாக வந்தது.

விருந்துக்கென்று அவர்கள் வளர்த்த பன்றி அது. ஊரிலேயே கொழுத்தது என்று பெயர். அதைப் பிடிக்கப் போன ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"அத்தை, இதுக்கு என்ன குடுத்தீங்க? எலும்பும் தோலுமா நிக்குது. பட்டி பூரா…"

செபேலா போய்ப் பார்த்தாள். பன்றியின் தேங்காய்த் தொட்டியில் கோக்கோ கறை படிந்து ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பு.

லெவாசா கடைசியாக எப்போது வாழைமரப் பக்கம் போனார் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கே வரவில்லை.

அவள் ஓடினாள். புல்வெளியில் அதற்குள் வாதம் முடிந்துவிட்டிருந்தது. உப்போலுக்காரர்கள் எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாயெவா பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்க, லெவாசா நடுவில் நின்றுகொண்டிருந்தார். உடம்பில் எண்ணெய், கையில் கோல், தோளில் சாமரம்.

அவர் பேசவில்லை.

கடல் சத்தம் மட்டும் கேட்டது. ஜனம் அசையவில்லை. உப்போலுவின் பெரிய பேச்சாளர் முன்னால் சாய்ந்து கண்களைச் சுருக்கினார்.

"பாத்தியா, எப்படி இழுக்கறாரு!" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"எதிராளிய முதல்ல நடுங்க வைக்கறது. பெரிய வித்த இது."

நடுங்கியது சாமரம்தான். காற்றே இல்லாத காலையில் அது தானாக விழுந்து எழுந்து விழுந்தது. லெவாசாவின் கண்கள் திறந்திருந்தன. அவர் அந்தக் கண்களுக்குள் இல்லை. முழங்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. கோல் மட்டும்தான் அவரை நிறுத்தியிருந்தது.

பேசுகிற மனிதரிடம் ஒரு பெண் குறுக்கே போவது வைசீனாவில் நடக்காத காரியம். ஊரே தலைகுனிய வேண்டிவரும். வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். கத்தலாமா என்று நினைத்தாள். கத்தினால் பத்துப் பேர் அவள் வாயைப் பொத்துவார்கள்; அவர் அங்கே நின்றபடியே அணைந்து போவார். ஒரே ஒரு விதத்தில்தான் ஒரு கிழவி அந்தப் புல்வெளிக்குள் இறங்கலாம். சந்தோஷம் தாங்காமல் கோமாளி ஆட்டம் ஆடிக்கொண்டு. பேச்சாளர்களின் மனைவிமார் விருந்துகளில் அப்படி ஆடி விழுந்து புரள்வது உண்டு. அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

செபேலா வாழ்நாளில் ஒருமுறைகூட அப்படி ஆடியதில்லை. வெட்கம்.

அவள் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். "ச்சூ ஹூ!" என்று ஊரே திரும்பும்படி கூவினாள். இடுப்பை ஒடித்து, கண்ணை உருட்டி, கோழியைப் போலக் கைகளை அடித்துக்கொண்டு புல்வெளிக்குள் பாய்ந்தாள். ஒரு கணம் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு உப்போலுப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடுத்ததாக வைசீனா சிரித்தது. கைதட்டு எழுந்தது. தாவெலா கடை வேலைக்கு உடுத்திய பாவாடையோடு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.

செபேலா ஆடிக்கொண்டே லெவாசாவை நெருங்கினாள். அவர் காலடியில் விழுந்து புரண்டாள். எழுந்து, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் எடை முழுவதும் அவள் தோளில் சாய்ந்தது.

"தூக்குடி" என்றாள் தாவெலாவின் காதில், சிரித்த முகத்தோடு. "செத்துக்கிட்டிருக்காரு. சிரிச்சுக்கிட்டே தூக்கு. உன் வண்டிக்கு."

தாவெலாவின் வாய் அப்படியே திறந்திருந்தது. ஆனால் கால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டு பெண்களும் ஆடிக்கொண்டே லெவாசாவைத் தூக்கிக்கொண்டு கடையின் வண்டிக்குப் போனார்கள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. உப்போலுவின் பெரிய பேச்சாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேசாமலே வென்று, சிரிக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதற்கு எங்களிடம் பதில் இல்லை" என்று தன் சாமரத்தைத் தரையில் வைத்தார். செபேலாவின் கன்னத்தில் வழிந்ததை எல்லோரும் ஆட்டத்தின் வியர்வை என்று நினைத்தார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் லோசா வாய் வழியாகக் குழாயிலும், கீழ் வழியாகவும் அதே பாகைச் செலுத்தினாள்.

"கிருமி மாத்திர ஒழுங்கா சாப்பிட்டாரே டாக்டர். வைட்டமினும் சாப்பிட்டாரு."

"சாப்பிட்டது நல்லது அத்தை. ஆனா வாசல அடைச்சு வச்சுட்டு, உள்ள நல்ல விருந்தாளிய மட்டும் அனுப்பினா என்ன ஆகும்? பாகு வாசலத் தெறக்கும். மத்ததெல்லாம் அதுக்கு மேலதான்."

செபேலா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்தால் திட்ட வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்தாள். எழாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் லெவாசா கண் விழித்தார்.

"என்ன இது, நாத்தம்!"

அவளுக்குத் திட்டு எல்லாம் மறந்துபோனது.

கூரையைப் பார்த்தபடி அவர் கேட்டார்: "என் பேச்சு எப்படி இருந்துச்சு?"

"நீங்க பேசவே இல்ல."

"ஜனம் என்ன சொல்லுது?"

"இதுவரைக்கும் கேட்டதுலயே அதான் நல்ல பேச்சுன்னு சொல்லுது."

லெவாசா யோசித்தார். தெளிந்த தலையோடு யோசித்ததால் அது வலித்திருக்க வேண்டும். "பன்னி எப்படி இருக்கு?" என்றார் கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"உங்கள விட நல்லா இருக்கு. தப்பிச்சிருச்சு. விருந்துக்கு வேற பன்னிய வெட்டினாங்க."

"தூண்ல இருந்து நடுவுல எந்திரிக்கறதுக்கு எனக்கு வழி இல்ல செபேலா. அது மட்டும்தான். மத்தபடி எனக்குச் சாக ஆச இல்ல."

அவர் அவ்வளவு எளிமையாக, அவ்வளவு புரியும்படி அதைச் சொன்னார். செபேலா அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஊர்ப் பெரியவர்கள் உடல்நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது, அவள் தேநீர் கொடுத்துவிட்டு வழக்கம்போல உள்ளே போகவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். எங்க மாமனார் சாகும்போது சொன்னது. வெளிய பேசக்கூடாதுன்னு இவரு மறைச்சு வச்சிருக்காரு. லெவாசா பட்டத்துக்கு ஒரு பழைய உரிம உண்டு. காவா நடக்கும்போது லெவாசா மட்டும் நடுவுல எந்திரிச்சு போகலாம், வரலாம். ஏன்னு கேக்கக்கூடாது."

படுத்திருந்த லெவாசா விழிகளை அகல விரித்தார்.

வைசீனாவில் பிறர் குடும்பத்தின் பழங்கதையைப் பொய் என்று சொன்னால் அடிதடியில்தான் முடியும். தெரியாது என்று சொன்னாலோ தன் குடும்பம் நேற்று வந்தது என்று ஆகிவிடும். மூன்று பெரியவர்களும் தேநீரைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றார் ஒருவர். "எங்க தாத்தாகூட இத லேசா சொல்லியிருக்காரு."

"லேசாவா? எங்க வீட்டுல தெளிவாவே சொல்லியிருக்காங்க" என்றார் மாயெவா. "அன்னிக்கு மாடி வீட்டுப் பேச்சுல அவரு எந்திரிச்சப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அடுத்த கூட்டத்திலேயே படிக்குப் பக்கத்துத் தூணை லெவாசாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். காலையில் அவர் பாகைக் குடித்தார், மாத்திரைகளை விழுங்கினார், தூணில் சாய்ந்தார். கிண்ணம் சுற்றிவரும்போது எழுந்தார், குனிந்து நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு பேசும்போது கூரை ஓட்டையைப் பற்றித்தான் பேசினார். ஆனால் நடுவில் எழுந்து போய்விட்டு வந்த மனிதர் சொல்வதால் ஜனம் அதைத் திருப்பித் திருப்பி யோசித்தது. எது கூரை, எது ஓட்டை என்று பஸ்ஸில் சண்டைகூட வந்தது.

கொஞ்ச நாளில் மாயெவா குடும்பத்துக்கும் அதே மாதிரி ஒரு பழைய உரிமை இருந்தது தெரிய வந்தது. பிறகு இன்னொருவருக்கு. யாராலும் மறுக்க முடியவில்லை.

ஒருநாள் செபேலா சமையல் கொட்டகையில் கோக்கோ கலக்கிக்கொண்டிருந்தாள். வாழைமரங்களுக்குப் பின்னாலிருந்து குரல்கள் கேட்டன. எட்டிப் பார்த்தாள். ஊர்க் கழிப்பறையின் ஒற்றைக் கதவுக்கு முன்னால் மூன்று பேச்சாளர்கள் எண்ணெய் பூசிய உடம்போடு நின்றிருந்தார்கள்.

"நீங்க போங்க மாயெவா ஐயா."

"நீங்க இருக்கும்போது நானா? உங்க தாத்தா நின்ன இடமில்லையா இது?"

"பெரியவரு விட்டுக்குடுத்தா சின்னவன் எப்படி எடுத்துக்கறது…"

"எனக்கு வருது. தள்ளுங்கடா!" என்றார் லெவாசா.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளியே நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பேச்சு!" என்றார் மாயெவா.

செபேலா பாகு பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, பன்றிக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.